மாப்பிள்ளை வரைந்த பல்சக்கரங்கள்

பதினோரு ஆண்டுகள் என் கையெழுத்து இணையத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் கடைசல் இயந்திரத்தைப் பற்றிய பக்கத்தில். கோடு போட்ட நோட்டுத்தாளில் நீல மையால் எழுதிய ஒரு சூத்திரம், அதற்குக் கீழே மூன்று பல்சக்கரங்கள். இரண்டையும் போனில் படம் பிடித்து ஏற்றியிருந்தேன். சக்கரங்களின் வட்டத்துக்கு டீ கிளாஸின் அடியை வைத்துக் கோடிழுத்தேன். இன்றைக்கு அந்த இரண்டு படங்களும் அந்தப் பக்கத்தில் இல்லை. அங்கிருந்து எடுத்துவிட்டவர் என் மாப்பிள்ளை. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

நான் பத்தாவது வரை படித்தவன். மராத்திக்காரர்கள் ஊரான பிம்ப்ரியில் ஒரு சிறிய பட்டறையில் லேத், அதாவது கடைசல் இயந்திரம், ஓட்டுகிறேன். வீடு ஆகுர்டியில். பட்டறையில் இந்தி, கடைத்தெருவில் மராத்தி, வீட்டில் தமிழ். மூன்றிலும் குறைவாகத்தான் பேசுவேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்குத் தெரிந்த விஷயமே பேச்சில் வந்தாலும், நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சும்மா போனில் ‘கடைசல் இயந்திரம்’ என்று தமிழில் தேடிப் பார்த்தேன். மூன்றே வரி இருந்தது. அதில் ஒரு வரி தப்பு. பக்கத்தின் தலையில் ‘தொகு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எழுத்துப்பெட்டி திறந்தது. யாரையும் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, யாரும் நடுவில் குறுக்கிட மாட்டார்கள், நான் சொல்லி முடிக்கிறவரை அந்தப் பெட்டி காத்திருக்கும். எனக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. ஒரு புனைபெயரில் கணக்குத் தொடங்கி, அந்தப் பக்கத்தை நானே வளர்த்தேன். பிறகு துளையிடும் இயந்திரம், உளி, மரை என்று ஒவ்வொன்றாக.

சூத்திரம்தான் சிக்கலாயிற்று. லேத்தில் மரை வெட்ட, எத்தனை பல் கொண்ட சக்கரத்தை எங்கே மாட்டுவது என்று ஒரு கணக்கு உண்டு. வெட்ட வேண்டிய மரையின் இடைவெளி மேலே. இயந்திரத்தின் நீளத்துக்கு ஓடும் லீட் ஸ்க்ரூ என்ற திருகின் இடைவெளி கீழே. அந்தப் பின்னம்தான் சக்கரங்களின் பல் கணக்கு. இதை எழுத மேலே ஒரு வரி, நடுவில் வரிசையாகச் சிறு கோடுகள், கீழே ஒரு வரி என்று அடித்தேன். என் போனில் சரியாக இருந்தது. பட்டறை நண்பரின் போனில் பார்த்தால் கீழே இருக்க வேண்டியது நகர்ந்துபோய்ப் பக்கத்து வரியில் உட்கார்ந்திருந்தது. சூத்திரம் எழுத அந்தத் தளத்திலேயே ஒரு முறை இருந்தது எனக்குத் தெரியும். வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தேன். சாய்கோடுகள், நெளிந்த அடைப்புக்குறிகள், நடுநடுவே ஆங்கிலம். மூடிவிட்டேன். தாளில் எழுதிப் படம் பிடித்தேன். ஒரு போனிலும் நகரவில்லை. அப்படியே பதினாலு படங்கள் ஆயின.

வீட்டில் இதைப் பற்றிப் பேசியதில்லை. “எப்பப் பாத்தாலும் இன்னாவோ குத்திக்கினே கீறாரு” என்று என் மனைவி சொல்வாள். எங்களுக்கு ஒரே மகள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள். படிப்பது என்றால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித்தடவி. அப்பா என்ன எழுதுகிறார் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானும் காட்டியதில்லை. கேட்டால் காட்டலாம் என்று இருந்தேன்.

அவள் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனியிலேயே வேலை செய்கிறவரைக் கட்டிக்கொண்டாள். கோயம்புத்தூர்க்காரர். எங்களுக்குப் பக்கத்திலேயே வாக்கட் என்ற இடத்தில் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் ஒரு முறை இருக்கிறது. குழம்பில் உப்பு அதிகம் என்று மாப்பிள்ளை சொன்னால் உப்பு அதிகம்தான், போடாமலே இருந்தாலும். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்லவே கூடாது. பேசாத எனக்கு இந்த முறை ரொம்ப வசதியாக இருந்தது, முதல் ஒரு வருஷம்.

ஒரு ஞாயிறு சாப்பாடு முடிந்து நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“மாமா, இது நீங்க எழுதறதுங்களா?”

“சும்மா, ஏதோ, டைம் பாஸு” என்று போனைக் கவிழ்த்தேன்.

“அட, காட்டுங்க மாமா.” வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “இத்தனையும் நீங்களேவா? இந்தப் படமெல்லாம்கூடவா? யப்பா! ஏனுங்க மாமா, எல்லாம் ஃபோட்டோவா இருக்குதுங்களே. இதுல ஒரு எழுத்து தப்புன்னாலும் யாரும் மாத்த முடியாதுங்களே. எழுத்தாவே போட்டுட்டா யாரு வேணாத் திருத்திக்கலாமுங்க. நான் மாத்திக் குடுக்கட்டுங்களா?”

“உங்க இஷ்டம் மாப்பிள்ளை” என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த வாரமே என் படங்களுக்குக் கீழே மாப்பிள்ளை ஓர் அறிவிப்புப் பட்டை போட்டிருந்தார். ‘இப்படிமம் திருத்தக்கூடிய வடிவில் மீண்டும் வரையப்பட வேண்டும்.’ மரியாதையான வாக்கியம்தான். எங்கள் பட்டறையில் தேறாத உருப்படிக்குச் சிவப்புப் பெயின்ட்டைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பார்கள். அந்தப் பொட்டு பதினாலு படத்திலும் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக மாறின. சூத்திரத்தைத்தான் முதலில் மாற்றினார். நான் பார்த்தேன். பின்னத்தின் கோடு நூல் பிடித்த மாதிரி. எழுத்து ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். மேலே வந்து ‘தொகு’ பொத்தானை அழுத்தி உள்ளே பார்த்தேன். ஒரு சாய்கோடு, ஃப்ராக் என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்து, இரண்டு ஜோடி நெளிந்த அடைப்புக்குறிகள். முதல் அடைப்புக்குள் மேலே வருவது, இரண்டாவதில் கீழே வருவது. அவ்வளவுதான். பதினோரு வருஷம் நான் பார்த்துப் பயந்தது இது. அவர் போட்ட சூத்திரம் அழகாக இல்லாமல் இருந்திருக்கலாம். அசிங்கமாக இருந்திருந்தால் நான் மாப்பிள்ளையை இன்னும் நேசித்திருப்பேன்.

அடுத்து பல்சக்கரப் படம். அது கோட்டோவியம் இல்லையாம், எழுத்தாம். வட்டம் எங்கே, எத்தனை பெரிது, எந்த நிறம் என்று வரிவரியாக எழுதி வைத்தால் அந்த எழுத்தே படமாகத் தெரியுமாம். ‘ஓட்டும் சக்கரம்’, ‘நடுச்சக்கரம்’, ‘ஓடும் சக்கரம்’ என்று நான் வைத்த பெயர்களையே வைத்திருந்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் சுற்றும் திசைக்கு ஒரு சிவப்பு அம்பு. நான் அம்பு போடவில்லை. எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதமே அவருடைய பயனர் பக்கத்தில் ஒரு பதக்கம் வந்தது. அங்கே எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் நட்சத்திரம் மாதிரியான ஒரு படம், கீழே இரண்டு வரிப் பாராட்டு. ‘படங்களைத் திருத்தக்கூடிய வடிவுக்கு மாற்றும் சிறந்த பணிக்காக.’ என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பதினோரு வருஷத்தில் நாலு பேர் என்னிடம் ஏதோ கேட்டிருந்தார்கள். நான் பதில் சொல்லியிருந்தேன். பதக்கம் ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு முன்பே தெரியும். ஆனாலும் கீழே வரை தள்ளிப் பார்த்தேன்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். தாங்க முடியாமல் போனது அடுத்த ஞாயிறு.

மகள் சோபாவில் சாய்ந்துகொண்டு தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “அப்பா, இது பாரு! மஸ்த்! எவ்ளோ ஜூம் பண்ணாலும் உடையவே இல்ல. இங்க இந்த வேர்ட் மேல விரல் வச்சா செலக்ட் ஆவுது. ட்ரான்ஸ்லேட் பண்ணா இங்கிலீஷ்ல வருது.” இரண்டு விரலால் நடுச்சக்கரத்தை விரித்தாள், சுருக்கினாள். “இவரு பண்ணதுப்பா.”

“தெரியும்.”

“அப்புறம் முழு பேஜையும் ட்ரான்ஸ்லேட் போட்டுப் படிச்சேன். அரே, இதெல்லாம் நீயா எழுதுன? எனக்குத் தெரியவே தெரியாது!”

பக்கத்தின் எழுத்து பதினோரு வருஷமாக அங்கேதான் இருந்தது. அதையும் போன் மொழிபெயர்த்துக் காட்டியிருக்கும். அவள் பார்க்கவில்லை. புருஷன் போட்ட மூன்று சக்கரத்தின் வழியாகத்தான் அவள் என்னிடம் வந்தாள். வந்தாளே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் மனசு அப்படி வேலை செய்யவில்லை. இவரு பண்ணதுப்பா என்றாள். அந்த ஒரு சொல்லை, அவள் சொன்ன குரலை, நான் வாரம் பூராவும் லேத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி யாரிடமாவது அவள் அந்தக் குரலில் சொல்ல வேண்டும். ஒரு தடவை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

நடந்தது வேறு. மாப்பிள்ளை சூத்திரத்தை மாற்றி ஒரு மாதம் ஆகியிருக்கும், அவரே போன் செய்தார்.

“மாமா, யாரோ நம்ம சூத்திரத்துல கை வச்சுட்டாங்க. கீழ ஆறுன்னு இருந்துச்சுங்களே, அத எடுத்துட்டு ‘லீட் ஸ்க்ரூவின் மரை இடைவெளி’ன்னு போட்டிருக்காங்க. உங்க பேப்பர்ல ஆறுதானுங்களே? நான் பார்த்துத்தானுங்க அடிச்சேன். திருப்பிப் போட்டுடட்டுங்களா?”

நான் போய்ப் பார்த்தேன். மாற்றியவர் யாரென்று தெரியாது, அவரும் ஒரு புனைபெயர். கூடவே குறிப்பு எழுதியிருந்தார். ‘எல்லா லேத்திலும் ஆறு மில்லிமீட்டர் இல்லை. எங்கள் பட்டறையில் நான்கு.’

நான் ஓட்டும் இயந்திரத்தில் லீட் ஸ்க்ரூவின் இடைவெளி ஆறு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஆறால்தான் வகுக்கிறேன். மற்ற இயந்திரங்களில் வேறாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை தானாக ஆறு என்று எழுதியது. என் ஒரு இயந்திரத்தின் எண்ணை உலகத்துக்கே சூத்திரமாகக் கொடுத்திருந்தேன். அது புகைப்படமாக இருந்தவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு புகைப்படத்தோடு யார் வாதாடுவார்கள்? எழுத்தாக மாறிய ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார்கள்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றேன்.

“அவங்க சொல்றது சரிதானுங்களா?”

“ம்.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் பாக்கர்வடியைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். “அப்பா ஃபார்முலாவே தப்பாமே! இத்தன வருஷம் ஒருத்தனும் கண்டுபிடிக்கல. இவரு மாத்தலன்னா அப்படியே ஓடிட்டிருக்கும்.”

“ஏய், சும்மா இரு” என்று மாப்பிள்ளை அவளை அடக்கினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் மாற்றிய பதினாலு படத்தையும் ஒன்றுவிடாமல் சோதித்தேன். உருப்படியை அளக்கிற மாதிரி, சாப்பாட்டு இடைவேளையில், டப்பாவை மூடியே வைத்துக்கொண்டு. கூட வேலை செய்யும் மராத்திக்காரர், “காய் பாவ்ஜி, லாட்டரி லாக்லி கா?” என்று, லாட்டரி விழுந்துவிட்டதா எனக் கேலி செய்தார். லாட்டரிதான். ஒன்பதாவதாகச் சோதித்த படத்தில் அடித்தது.

பல்சக்கரப் படத்தில் மூன்று அம்பும் ஒரே பக்கம் பார்த்தன.

இரண்டு பல்சக்கரம் கோத்துக்கொண்டு நின்றால் ஒன்று வலப்பக்கம் சுற்றும்போது மற்றது இடப்பக்கம்தான் சுற்றும். மூன்றும் ஒரே பக்கம் சுற்றவே முடியாது. சுற்ற வைத்தால் பல் முறியும். நடுச்சக்கரத்தை மாட்டுவதே திசையை மாற்றத்தான். அது இல்லாவிட்டால் மரை தலைகீழாக, இடக்கை மரையாக விழும். லேத்தில் ஒரு நாள் கை வைத்தவன் இந்த அம்பைப் போட மாட்டான். நான் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் அதன் அழகைத்தான் பார்த்திருக்கிறேன், அம்பைப் பார்க்கவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். என் பக்கத்தில் கேள்வி கேட்டிருந்த நாலு பேரில் இரண்டு பேர் அப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் நான் அதைச் சட்டைப் பையில் போட்ட மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது எடுத்துப் பார்ப்பேன். மூன்று அம்பும் அப்படியே இருக்கும். நிம்மதியாக இருக்கும். மகள் முன்னால் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பேன். ‘மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க’ என்று தொடங்கலாம். ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்று தொடங்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

“வாயத் தொறக்காதீங்க” என்றாள். “மாப்பிள்ளையப் போயி அவரு பொண்டாட்டி முன்னால தப்புன்னு சொல்லுவீங்களா? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினாருன்னா நாளைக்கு அவதான் மல்லுக்கட்டணும். உங்க லேத்துக்கு இன்னா, அது பாட்டுக்குச் சுத்தும்.”

“பல்லு ஒடியும்டி.”

“கம்ப்யூட்டர்ல இன்னா பல்லு ஒடியுது?”

மூன்று ஞாயிறு போனது. மூன்றாவது ஞாயிறு மகளுக்கு ஏதோ நினைவு வந்து படத்தை மறுபடியும் எடுத்தாள். அவள் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப்பெண் பார்த்துவிட்டு ரொம்பப் பாராட்டினாளாம். “அப்பா, நீ சொல்லு. நீதான எக்ஸ்பர்ட்டு. எப்டி இருக்கு?”

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு மாணவன் முகம் மாதிரி இருந்தது. இத்தனை நாளில் அவர் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கில் இருந்தது. மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று கண்ணால் மிரட்டினாள்.

“நல்லா கீது” என்றேன். “ரொம்ப நல்லா கீது.”

அவர் முகம் மலர்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தது வேறு. இது வேறு. தவறான உருப்படிக்கு நானே பச்சைப் பொட்டு வைத்தேன். முப்பது வருஷத்தில் அப்படி வைத்ததில்லை.

மறுநாள் மதியம் அந்தப் படத்தின் கோப்பைப் போனில் இறக்கி எழுத்தாகத் திறந்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் போனேன். எண்கள் எனக்குப் பழக்கம். இந்த எண் இடம், இந்த எண் அளவு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அவர் அம்பை ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தார். அதற்கு ஒரு பெயர் வைத்து, மூன்று சக்கரத்திலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். ஒன்றையே மூன்று தடவை எழுதுவது அவர்கள் தொழிலில் கெட்ட பழக்கமாம். பிறகு அவரே சொன்னார். அதனால்தான் மூன்றும் ஒரே பக்கம். எப்படித் தப்பு நடந்தது என்று தெரிந்ததும் என் கோபம் கொஞ்சம் குறைந்தது. பொறாமை குறையவில்லை.

நடு அம்பைத் திருப்ப வேண்டும். அவருடைய இன்னொரு படத்தில் ஒரு உருவத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பியிருந்தார். அந்த வரியை எடுத்து இங்கே ஒட்டி ஏற்றினேன். அம்பு காணாமல் போயிற்று. மறுபடி மாற்றி ஏற்றினேன். பாதி அம்பு படத்தின் இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. மூன்றாவது தடவை ஓட்டும் சக்கரத்தின் மேல் போய் விழுந்தது. அந்தத் தளத்தில் ஏற்றிய ஒவ்வொன்றும் குட்டிப் படமாகத் தேதியோடு வரிசையில் நிற்கும், அழிக்க முடியாது. என் மூன்று தோல்வியும் ஊர் பார்க்க நின்றன. விட்டுவிடலாமா என்றிருந்தது. பிறகு, எந்த வேலைக்கும் ஒரு முன்பின் இருக்கிறதே, முதலில் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்புறம் திருப்பினால் என்ன என்று நகர்த்துவதற்கும் திருப்புவதற்குமான இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டேன். நாலாவது தடவை நடுச்சக்கரத்தின் அம்பு அதன் இடத்திலேயே எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில், ‘பல்சக்கரத்தைக் கண்ணால் பார்க்காதவர் வரைந்தது’ என்று அடித்தேன். நன்றாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அழித்துவிட்டு, ‘நடுச்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும்’ என்று எழுதிச் சேமித்தேன். ஆறு என்று எழுதியது என் தப்பு என்பதையும் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இன்னும் எழுதவில்லை.

மாற்றினால் அவருக்குத் தகவல் போகும். போயிருக்கும். வாரம் முழுக்க அவர் போன் செய்யவில்லை. ஞாயிறு நெருங்க நெருங்க மனைவி, “இன்னா பண்ணி வச்சீங்களோ” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வரமாட்டார்கள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். இருந்தாலும் கறி எடுத்து வரச் சொன்னாள்.

வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே மாப்பிள்ளை சிரித்தார். “மாமா, பார்த்தனுங்க. நாலு தடவ போராடியிருக்கீங்க. மொத மூணுல அம்பு எங்கெங்கயோ பறந்துட்டுப் போயிருச்சுங்களே!”

நான் தரையைப் பார்த்தேன். “தப்பா நெனைக்காதீங்க மாப்பிள்ளை.”

“தப்பா? நான் மூணும் ஒரே பக்கம் சுத்த உட்டிருக்கேன், யாருமே சொல்லலீங்களே. நீங்ககூட அன்னைக்கு நல்லாயிருக்குன்னு…” என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மனைவி அவசரமாகத் தட்டு வைத்தாள்.

மகளுக்கு எதுவும் புரியவில்லை. போனை எடுத்துப் புதுப் படத்தையும் பழையதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். என் குறிப்பை மொழிபெயர்ப்பில் போடாமல் எழுத்தெழுத்தாகப் படித்தாள். “ந-டுச்-சக்-க-ரம் எ-திர்த்… காய் ஹே, என்ன இது? எதிர்த்திசை.” பிறகு நிமிர்ந்து கேட்டாள். “ஏன் நடுவுல இருக்கறது மட்டும் உல்ட்டா சுத்தணும்?”

புருஷனைப் பார்த்துத்தான் கேட்டாள். பழக்கம்.

“அது வந்து, ரெண்டு கியர் மெஷ் ஆகுறப்ப…” என்று அவர் தொடங்கினார்.

“இப்படிக் குடு கைய” என்றேன்.

குறுக்கே பேசிவிட்டேன். மாப்பிள்ளை வாயில் இருந்த பேச்சு பாதியில் நின்றது. மனைவியின் கரண்டி குழம்புச் சட்டியின் மேல் அப்படியே இருந்தது. மகள் கையை நீட்டினாள். அவளுடைய இரண்டு முஷ்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் கணுக்களை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, ஒன்றைத் திருப்பினேன். மற்றது எந்தப் பக்கம் போகும் என்று அவளே பார்த்தாள். “அரே!” என்றாள். மூன்றாவதாக என் முஷ்டியைக் கொண்டுவந்து பொருத்தினேன். அப்புறம் மரை எப்படி விழுகிறது, இடக்கை மரை என்றால் என்ன, பைக்கில் எங்கே அது இருக்கிறது, அடியில் ஆறு ஏன் வந்தது என்று பேசிக்கொண்டே போனேன். எத்தனை நேரம் பேசினேன் என்று தெரியாது. என் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. மகள் நடுவில் ஒரு தடவைகூடப் போனைப் பார்க்கவில்லை.

முடித்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. தன்னிடம் கேட்ட கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்லிவிட்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவனின் முகம். மாதக்கணக்கில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது. பிடித்திருந்தது. “இன்னும் கொஞ்சம் கறி போடு மாப்பிள்ளைக்கு” என்றேன் மனைவியிடம்.